பந்தர் கோரிக்கு ஒரு சிபாரிசுக் கடிதம்

லிபான் வர்சமே அமைச்சராகிவிட்டான் என்ற செய்தி வந்தபோது நாங்கள் துபாயில், தேரா துறையில் பழைய டயர் ஏற்றிக்கொண்டிருந்தோம். இரண்டாயிரத்து ஐந்து, ஜனவரி மாதம். செய்தியைக் கொண்டுவந்தவர் கௌஸ் முகைதீன். கீழக்கரைக்காரர். துறைக்கு எதிரிலேயே கார்கோ ஆபீஸ் வைத்திருந்தார்.

"கார்மேகம், நம்ம வர்சமே மந்திரியாயிட்டான்பா. துறைமுக மந்திரி."

"எந்த ஊருக்கு பாய்?"

"அவன் ஊருக்குத்தான். சோமாலியாவுக்கு."

"அங்கதான் பதினாலு வருஷமா கவர்மெண்டே கெடையாதே?"

"இப்ப ஒண்ணு பண்ணியிருக்காங்க. இடைக்கால அரசாங்கம். உள்ளூர்ல சண்டைன்னு பக்கத்து நாட்டு ஹோட்டல்ல உக்காந்து பண்ணியிருக்காங்க."

பாலா தோளில் கிடந்த டயரை இறக்காமலே சிரித்தான். "ஹோட்டல்ல தோசைதான் பண்ணுவாங்க பாய். அரசாங்கமுமா?"

சிரித்தோமே தவிர, உள்ளுக்குள் எங்களுக்குப் பெருமைதான். வர்சமே பத்து வருஷம் அதே துறையில் தரகு பார்த்தவன். சோமாலியாவுக்குப் போகிற மரலாஞ்சிகளுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுப்பான். மத்தியானம் எங்களோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சோற்றில் வாழைப்பழத்தைப் பிசைந்து தின்பான். துறையில் எல்லோருக்கும் பொதுவான ஹிந்தியை எங்களைவிட நன்றாகப் பேசுவான். அப்படிப்பட்டவன் மந்திரியானால் நாமே கொஞ்சம் மந்திரியான மாதிரித்தான் இருந்தது.

அவன் எப்படி மந்திரியானான் என்பது பிறகுதான் தெரிந்தது. தேர்தல் கிடையாது. இந்தக் குலத்துக்கு இத்தனை பதவி என்று பங்கு வைத்தார்கள். வர்சமேயின் குலத்துக்கு வந்த பதவிக்குத் துப்பாக்கி ஆட்கள் வைத்திருந்த இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். இருவரும் பயப்படத் தேவையில்லாத ஒரு மூன்றாவது ஆள் வேண்டியிருந்தது. தேராவிலிருந்து வர்சமேயைக் கூப்பிட்டார்கள். அவன் கையில் ஒரு துறைமுகம்கூட இல்லை. அந்தக் கடற்கரையில் ஒவ்வொரு துறையும் அந்தந்த ஊர்க்காரர்கள் கையில் இருந்தது. அவன் கையில் இருந்தது நட்சத்திரம் போட்ட லெட்டர்பேடு, ஒரு ரப்பர் முத்திரை. இரண்டையும் தேராவில்தான் அச்சடித்தான்.

மார்ச் மாதம் ‘மர்ஜானா’ என்ற லாஞ்சி சோமாலியாவில் மாட்டிக்கொண்டது. பந்தர் கோரி என்கிற சின்னத் துறை. அரிசியும் எண்ணெயும் இறக்கப் போன லாஞ்சியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று மட்டும் செய்தி வந்தது. ஏன், எதற்கு, ஒன்றும் தெரியவில்லை. ஆட்கள் ஏழு பேர். அதில் ஒருவன் சுரேஷ்குமார், என் தங்கச்சி நாகவள்ளியின் புருஷன். அல் குசைஸ் கேம்ப்பில் சைட் வேலை நின்றுபோய்ச் சும்மா கிடந்தவனை அந்த லாஞ்சியில் ஏற்றிவிட்டது நான்தான். கடல் வேலைக்கு ஏற்ற உடம்பில்லை அவனுக்கு. "மாப்ள, மூணு நடை போயிட்டு வா, அதுக்குள்ள சைட்ல எடம் பாக்குறேன்" என்று நான்தான் சொன்னேன்.

நாகவள்ளி முதுகுளத்தூரிலிருந்து போன் செய்தாள்.

"அண்ணே, அவுக குரலக் கேட்டு ஒரு வாரமாச்சு. என்னமோ மறைக்கிறீங்க."

"கடல்ல டவர் இல்லம்மா."

"போன நடைக்கு எறங்குன ஒடனே பேசுனாகளே. பொய் சொல்லாதீங்கண்ணே."

சொன்னேன். பிறகு அவள்தான் கேட்டாள்: "அங்க மந்திரி யாரையாவது தெரியாதாண்ணே? ஒரு லெட்டர் வாங்குங்களேன்."

எங்கள் ஊரில் எல்லாமே அப்படித்தான் நடக்கும். பெரியாஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க, பையனுக்கு ஹாஸ்டலில் இடம் கிடைக்க, ஸ்டேஷனில் உட்கார வைத்த ஆளை வெளியே கொண்டுவர, எதற்கும் ஒரு மனு எழுதி மந்திரியைப் பார்ப்போம். அவர் லெட்டர்பேடில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும், மூடின கதவு திறக்கும். அது எங்கள் ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. எங்களுக்குத் தெரிந்த மந்திரி வர்சமே. அதுவும் துறைமுக மந்திரி. வேறு என்ன யோசிப்போம்?

கௌஸ் முகைதீன் இங்கிலீஷில் மனு எழுதினார். காய்கறி மார்க்கெட்டில் நாலு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு மந்திரியைப் பார்க்கக் கூடாது.

வர்சமே தேராவில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தான். மந்திரியான பிறகும் பாதி நாள் துபாயில்தான் இருந்தான். கோட்டுப் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கார்மேகம் பாய்! உன் ஆளு என் ஆளு."

மனுவை வாங்கி நிறுத்தி நிதானமாகப் படித்தான். பிறகு ஒரு கேள்வி கேட்டான்.

"அங்க யாராவது உள்ளூர்க்காரன் இவங்களுக்காகப் பேசிக்கிட்டு இருக்கானா?"

"தெரியலையே" என்றேன்.

"சரி, சரி" என்று தலையாட்டினான். அங்கேயே கடிதம் அடிக்கச் சொன்னான். கையெழுத்துப் போட்டான். முத்திரையை ஊதி ஊதி அழுத்தினான். அவனோடு இருந்த ஒருவன் கேமராவை எடுத்தான். கடிதத்தின் ஒரு ஓரத்தை நானும் மறு ஓரத்தை வர்சமேயும் பிடித்துக்கொள்ள, போட்டோ எடுத்தார்கள். வெளியே வந்ததும் கௌஸ் முகைதீன், "பாத்தியா, பழச மறக்கல" என்றார். நானும் ஆமாம் என்றேன். வாய் நிறையச் சொன்னேன்.

ஆறு நாள் கழித்து ஹோதானம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டாள். ஹோதான் என்பது அவள் பெயர். நாங்கள் அம்மா சேர்த்துக்கொண்டோம். தேராவில் துணிக்கடை வைத்திருக்கிற சோமாலிப் பெண். பந்தர் கோரிதான் அவளுக்குச் சொந்த ஊர். கடையின் பின்னறையில் ஊரோடு பேசுகிற ரேடியோ வைத்திருந்தாள். நான் உள்ளே போனதும் துணியளக்கிற கோலைக் கீழே போட்டாள்.

"அவன்கிட்ட மனு கொடுத்தது நீதானா?"

"ஆமாம்மா."

"என்கிட்ட ஏன் வரல? நாலு கடை தள்ளி உக்காந்திருக்கேன். டயர் ஏத்தும்போது ‘ஹோதானம்மா, டீ’ன்னு வரத் தெரியுது, இதுக்கு வரத் தெரியலையா?"

"நீங்க மந்திரி இல்லையே."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு உட்கார வைத்துச் சொன்னாள். கடத்தலும் இல்லை, கொள்ளையும் இல்லை. மர்ஜானா கரைக்கு வரும்போது மீனவர்களின் மூன்று வலைகளை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. வலைக்காரர்கள் கோபத்தில் லாஞ்சியைப் பிடித்து வைத்தார்கள். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க் கப்பல் வந்தால் உள்ளூர்க்காரன் ஒருவன், ‘இவர்கள் என் விருந்தாளிகள், இவர்கள் மேல் கை வைத்தால் என் மேல் வைத்த மாதிரி’ என்று பொறுப்பு எடுப்பான். மர்ஜானாவுக்குப் பொறுப்பெடுத்தவன் ஹோதானம்மாவின் தம்பி. பெரியவர்கள் கூடி மூன்று நாள் பேசினார்கள். லாஞ்சிக்காரர்கள் உட்கார்ந்து வலையைப் பின்னிக் கொடுத்துவிட்டுப் புதன்கிழமை கிளம்பலாம் என்று முடிவாகிவிட்டது.

"செவ்வாய்க்கிழமை உன் மந்திரி ரேடியோவுல பேசினான். ‘எனது அரசாங்கத்தின் துறைமுகமான பந்தர் கோரிக்கு உத்தரவிட்டிருக்கிறேன், லாஞ்சியை உடனே விடுவிப்பார்கள்.’ அந்தக் கடிதத்தையும் படிச்சான். இப்ப சொல்லு. புதன்கிழமை விட்டா என்ன அர்த்தம்?"

நான் வாய் திறக்குமுன் அவளே பதிலும் சொன்னாள்.

"அந்த அரசாங்கத்துக்குப் பணிஞ்சுட்டோம்னு அர்த்தம். அந்தத் துறைக்காக எங்க ஊர்ல எத்தனை பேர் செத்திருக்காங்க தெரியுமா? என் பெரிய அண்ணன் செத்தான். விடுவாங்களா?"

"எங்க ஊர்ல மந்திரி சொன்னா..."

"உங்க ஊர் மந்திரி சொன்னா போலீஸ் கேக்கும். எங்க ஊர் மந்திரி சொன்னா துப்பாக்கி எந்திரிக்கும். வலைக்காரங்க போயிட்டாங்க, துப்பாக்கிக்காரங்க வந்து லாஞ்சியில உக்காந்துட்டாங்க. என் தம்பி பேச்சு இப்ப எடுபடல."

பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள். "உன் தங்கச்சி புருஷன் ஒல்லியா, உயரமா இருப்பானா? அவனுக்குக் கால்ல கயிறு அறுத்திருக்கு. புண்ணு. நாத்தம் வருதுன்னு தம்பி சொல்றான். அங்க மருந்து இல்ல."

அன்று நான் டூட்டிக்குத் திரும்பவில்லை. அந்தச் சட்டையோடே ஹோட்டலுக்குப் போனேன். வாசலில் நின்றவன் என் அழுக்கைப் பார்த்து மறித்தான். வர்சமே உள்ளேயிருந்து பார்த்துவிட்டுக் கையசைத்தான். காபி ஷாப்பில் அவன் எதிரில் உட்கார்ந்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டான். ஒரு இடத்தில்கூட அவனுக்கு ஆச்சரியம் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உள்ளூர்க்காரன் யாராவது பேசுறானான்னு அன்னைக்குக் கேட்டியே. எதுக்குக் கேட்ட?"

டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"அப்புறம் நீயே விசாரிச்சிருக்க. பேச்சு நடக்குது, எப்படியும் விட்டுருவாங்கன்னு உனக்குத் தெரியும். விடுறதுக்கு முந்தி உத்தரவு போட்டா, நீ சொல்லி விட்ட மாதிரி ஆகும். அதானே?"

"கார்மேகம், மெதுவாப் பேசு."

"அதானே?"

"நீ படிக்காதவன். உனக்கு எப்படிச் சொல்றது? எங்க அரசாங்கத்த உலகத்துல ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான். ஒரு துறைமுகம், ஒரே ஒரு துறைமுகம் என் பேச்சக் கேட்டுதுன்னு காட்டினா போதும். நான் பேசினாலும் புதன்கிழமை விட்டுருவாங்கன்னு நெனச்சேன். விடல. அது என் தப்பா?"

"தப்பு யாருதோ இருக்கட்டும். இப்ப ரேடியோவுல, அந்தக் கடிதத்தத் திரும்ப வாங்கிக்கிட்டேன்னு சொல்லு. ஒரு வார்த்தை. கலாஸ், முடிஞ்சுது. அவங்க விட்டுருவாங்க."

"அரசாங்கம் போட்ட உத்தரவத் திரும்ப வாங்காது."

"எந்த அரசாங்கம்? இந்த ஹோட்டலா?"

அவன் முகம் சுருங்கியது. "மூணு வாரம் பொறு. கேபினட்ட மாத்தி அமைக்கிறாங்க. என்னைத் துணைப் பிரதமராப் போடப் பேச்சு நடக்குது. இந்த நேரத்துல நான் பின்வாங்கினா முடிஞ்சேன். பதவிக்கு வந்ததும் நானே ஆள் அனுப்பி..."

"அவன் கால் மூணு வாரம் தாங்காது."

"ஒரு நாடு எந்திரிக்கணும்னா யாராவது கொஞ்சம் தாங்கித்தான் ஆகணும், கார்மேகம்."

"யாராவதுன்னா நீ இல்ல. சுரேஷ்குமார்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நான் எழுந்தேன். மேஜையைக் கவிழ்த்திருக்கலாம். போலீஸ் வந்து என்னை அள்ளிக்கொண்டு போயிருக்கும், அவனுக்கு இன்னொரு டீ வந்திருக்கும். பத்து வருஷம் அவன் என்னோடு சோறு தின்றான். மூட்டை தூக்குகிறவனின் காலை விலையாக வைத்து நாற்காலி வாங்கலாம் என்று அந்தச் சோற்றைத் தின்றவனுக்கே தோன்றியிருக்கிறது. அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

ஹோதானம்மா இரண்டு நாள் ரேடியோவில் மல்லாடினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. பெரியவர்கள் ஒரு வழி சொன்னார்கள். வர்சமே ஊரறியப் பேசினான். அது பொய் என்று லாஞ்சிக்காரர்களின் சொந்தக்காரன் ஒருவன் ஊரறியச் சொல்ல வேண்டும். நாங்கள் அந்த அரசாங்கத்தின் ஆட்கள் இல்லை, தெரியாமல் போனோம் என்று சொல்ல வேண்டும். வலைக்கு மன்னிப்பும் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் சோமாலிக்காரர்கள் எல்லோரும் கூடுகிற சாப்பாட்டுக் கடை ஒன்று துறைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே சொன்னால் போதும், ஒரு மணி நேரத்தில் பந்தர் கோரிக்குப் போய்விடும்.

கௌஸ் முகைதீனிடம் போனேன். மனு எழுதியவர் அவர்தானே, கூட வந்து நின்றால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"தப்பா நெனைக்காதப்பா. வர்சமே ஆளுங்க சரக்குதான் எனக்குப் பாதி. புள்ளைங்க இங்க படிக்குது" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஃபோர்மேன் ஹஸ்னைனுக்கும் விஷயம் எட்டிவிட்டது. "போகாதே பாய். வர்சமே நம்ம முதலாளி அர்பாபுக்கு வேண்டியவன். உன் விசாவக் கிழிச்சு வீசிடுவாங்க. யோசி" என்றான். நல்லவன். அவன் சொன்னதில் பொய்யும் இல்லை.

பாலா மட்டும் கூட வந்தான். "அடிச்சாங்கன்னா தூக்கிட்டு வர ஒரு ஆள் வேணும்ல" என்றான்.

கடையில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். ஆட்டுக்கறி வாசனையும் ஏலக்காய் டீ வாசனையும் அடித்தது. ஹோதானம்மா என்னை நடுவில் நிறுத்தினாள். நான் ஹிந்தியில் சொல்ல, அவள் அவர்கள் மொழியில் சொன்னாள்.

"என் பேர் கார்மேகம். துறையில மூட்டை தூக்குறேன். மர்ஜானாவுல இருக்கிற சுரேஷ்குமார் என் தங்கச்சி புருஷன். மந்திரிகிட்ட மனு கொடுத்தது நான். எங்க ஊர்ல எதுக்கும் மந்திரிகிட்டப் போவோம். அந்தப் பழக்கத்துல போயிட்டேன். துறைமுக மந்திரி கையில ஒரு துறைமுகமும் இல்லைன்னு எனக்குத் தெரியாது."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒருவன் எழுந்து என்னைப் பார்த்துக் கத்தினான். வர்சமேயோடு ஹோட்டலில் கேமரா வைத்திருந்த ஆள். பக்கத்திலிருந்த கிழவர் தடியால் அவன் முழங்காலைத் தட்டி உட்கார வைத்தார்.

"அந்தக் கடிதத்துக்கும் எங்க ஆளுங்களுக்கும் சம்பந்தமில்ல. நாங்க எந்த அரசாங்கத்தோட ஆளும் இல்ல. பந்தர் கோரி பந்தர் கோரிக்காரங்களோடது. வலையை அறுத்தது எங்க தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறேன். என் ஆள் கால் அழுகிக்கிட்டிருக்கு. விட்டுருங்க."

கடைசி வரி ஹோதானம்மா சொல்லிக் கொடுத்ததில் இல்லை. தானாக வந்தது. அவளும் அதை அப்படியே சொன்னாள்.

கிழவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து டீ கொடுத்தார். அவர் ஏதோ சொல்ல, கடையே சிரித்தது. "என்ன சொல்றாரு?" என்று கேட்டேன். "உங்க ஊர் மந்திரியைக் கொஞ்ச நாள் எங்களுக்குக் கடன் கொடுப்பீங்களான்னு கேக்கிறார்" என்றாள் ஹோதானம்மா. "அவங்களும் ஒண்ணும் உசத்தி இல்ல" என்றான் பாலா.

நாலாம் நாள் மர்ஜானா கிளம்பிவிட்டது. தேராவுக்கு வந்துசேர மேலும் ஒன்பது நாள். அந்தப் புதன்கிழமையே கிளம்பியிருந்தால் மாப்பிள்ளை எப்போதோ வந்திருப்பான். சுரேஷ்குமாரைப் பலகையில் வைத்துத்தான் இறக்கினோம். எத்தனையோ ஆயிரம் மூட்டை இறக்கிய துறை. அவ்வளவு இலேசான ஒன்றை அங்கே நான் இறக்கியதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், ஒரு பத்து நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் வார்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் வர்சமேயின் செக்ரட்டரி என்றான். இன்னொருவன் கேமராக்காரன். ஒரு கூடை நிறைய ஆப்பிள். செக்ரட்டரி ஒரு காகிதத்தை நீட்டினான். மாண்புமிகு அமைச்சரின் உறுதியான நடவடிக்கையால் விடுவிக்கப்பட்டோம், அவருக்கும் இடைக்கால அரசுக்கும் எங்கள் நன்றி. கீழே ஏழு பேர் கையெழுத்துப் போட இடம். ஆறு ஏற்கெனவே போட்டிருந்தது. லாஞ்சியை ஓட்டுகிற நகுதாவுடையது முதல் கையெழுத்து. லாஞ்சி முதலாளி சொல்லியிருப்பார். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அடுத்த நடை போயாக வேண்டும்.

சுரேஷ்குமார் என்னைப் பார்த்தான். "என்ன மச்சான் எழுதியிருக்கு?"

சொன்னேன். அவன் போர்வையை விலக்கிக் கட்டுப் போட்ட இடத்தைக் காட்டினான்.

"இதப் பத்தியும் ரெண்டு வரி அதுல எழுதச் சொல்லுங்க. கையெழுத்துப் போடுறேன்."

நான் ஹிந்தியில் சொன்னேன். செக்ரட்டரி காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். போகும்போது ஆப்பிள் கூடையைக் கட்டிலின் மேல் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் வர்சமே துணைப் பிரதமரானான். ஹஸ்னைன் என்னைக் கூப்பிட்டு, "அர்பாப் உனக்கு லீவு கொடுத்திருக்கார், பாஸ்போர்ட் ஏர்போர்ட்டுல தருவாங்க" என்றான். நான் லீவு கேட்கவில்லை. திரும்பி வர டிக்கெட்டும் இல்லை. ஹஸ்னைன் என் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தான்.

கிளம்புவதற்கு முன் ரூமிலிருந்து நாகவள்ளிக்குப் போன் போட்டேன். நானும் மாப்பிள்ளையும் ஒரே ஃபிளைட்டில் வருகிறோம் என்று சொன்னேன்.

"காலு போனாலும் உசுரோட வாராகளே, அது போதும்ணே" என்றாள். அழுதாள். அழுது முடித்துச் சொன்னாள்: "நம்மூரு பேப்பர்லகூடப் போட்டிருந்தாக. நீங்களும் அந்த மந்திரியும் கடுதாசியப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற போட்டோ. மந்திரி மீட்டாருன்னு பெருசா எழுதியிருந்துச்சு. வெட்டி சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கேன். அவரு நல்லா இருக்கணும்ணே."

போன் கார்டில் நாலு நிமிஷம்தான் மிச்சம் இருந்தது.

"அத மொதல்ல கிழி" என்றேன்.

"ஏண்ணே?"

வலை அறுந்ததிலிருந்து ஆரம்பித்தேன்.